கிரிக்கெட்டும் ஒரு தர்மகர்த்தாவும்

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்குத் தர்மகர்த்தா யார், குத்தகைதாரர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கோயில் நிலத்தைக் கோயிலின் சார்பில் காப்பவர் முன்னவர். அதைப் பயிரிட்டு நெல்லோ பணமோ அளப்பவர் பின்னவர். இருவரும் ஒருவராக இருக்கலாகாது. கோயில் நிலத்துக் குத்தகையில் தொடர்புடையவர் அக்கோயிலின் அறங்காவலராக முடியாது என்று 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமே சொல்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்று சட்டம் கேட்பதில்லை. அளக்கிற கையும் வாங்குகிற கையும் ஒன்றாகிவிட்டால், மரக்கால் சரிதானா என்று பார்க்க ஆள் இல்லாமற் போகும் என்பதே அதன் கவலை.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளராக நாடறிந்த என். சீனிவாசனை எடைபோட எனக்கு இந்த மரக்காலே போதுமானதாகத் தோன்றுகிறது. விடுதியில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சாரார் அவரை வள்ளல் என்பர். மறு சாரார் சூதாட்டக் கதையை எடுப்பர். இரு சாராரும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் வள்ளன்மை. இந்தியா சிமெண்ட்ஸ் 1946-இல் சங்கரலிங்க ஐயரும் சீனிவாசனின் தந்தை டி. எஸ். நாராயணஸ்வாமியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். அதன் முதல் ஆலை நெல்லையை அடுத்த தாழையூத்தில் எழுந்தது. சென்னை லீக் ஆட்டங்களில் இந்நிறுவனம் பல அணிகளை நடத்தியது. ஆட்டக்காரர்களுக்கு வேலையும் மாதச் சம்பளமும் கொடுத்தது. ராகுல் திராவிட் போன்றவர்களே அதன் ஊழியர் பட்டியலில் இருந்தவர்கள். ஐ.பி.எல். என்ற பெயரே இல்லாத காலத்தில், ஆட்டத்தில் கெட்டிக்காரனாயினும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று கவலைப்பட்ட இளைஞனுக்கு இப்படியொரு கம்பெனி உத்தியோகம் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை நடுத்தரக் குடும்பத்தார் அறிவர். இது விளம்பரத்துக்காக மட்டும் செய்த காரியமன்று.

2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகள் ஏலத்துக்கு வந்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதன் பின் நடந்தது எல்லோரும் அறிந்ததே: 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை. தோல்விக்குத் தோல்வி ஆளை மாற்றும் பழக்கம் அங்கு இருந்ததில்லை. ஒரே தலைவர், ஒரே பயிற்சியாளர் என்று பல ஆண்டுகள் பொறுமையாக நடத்தினார்கள். அந்தப் பொறுமைக்கு உரிமையாளரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அணியை வாங்கியபோது சீனிவாசன் யார்? இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவரும் அவரே. வாரியத்தின் நிர்வாகி எவரும் வாரியம் நடத்தும் ஆட்டங்களில் வணிக ஆதாயம் கொள்ளலாகாது என்று 6.2.4 என்னும் விதி இருந்தது. 2008 செப்டம்பரில் அந்த விதியைத் திருத்தி, ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அதே மாதம் அவர் வாரியச் செயலாளரானார், 2011-இல் தலைவரானார். தர்மகர்த்தாவுக்காகவே குத்தகைச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்ததுபோல் ஆயிற்று. வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ. சி. முத்தையா நீதிமன்றம் சென்றார். 2011-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்ததால் விஷயம் அப்போது முடிவுக்கு வரவில்லை.

2013 மே மாதம் அவருடைய மருமகன் குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டிய புகாரில் மும்பைக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். அவர் அணியின் உரிமையாளரோ தலைமை நிர்வாகியோ அல்லர், கௌரவ உறுப்பினர் மட்டுமே என்று நிறுவனம் அறிக்கை விட்டது. நீதிபதி முத்கல் குழு அதை ஏற்கவில்லை. அவர் அணியின் அதிகாரியே என்றது. 2015 ஜனவரி 22-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதித் திருத்தத்தையே செல்லாதென்று அடித்தது. வணிக ஆதாயம் இருக்கும்வரை சீனிவாசன் வாரியத் தேர்தலில் நிற்கலாகாது என்றது. அதே தீர்ப்பு, மருமகனைக் காக்க அவர் விசாரணையை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறியது. வசைபாடுவோர் இந்த இரண்டாம் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2015 ஜூலையில் லோதா குழு சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டாண்டு விலக்கி வைத்தது. மெய்யப்பனுக்கு ஆயுள் தடை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012-இல், ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டிலும் தோற்ற பின், தோனியைத் தலைமையிலிருந்து நீக்கத் தேர்வாளர்கள் விரும்பினார்கள் என்றும் வாரியத் தலைவர் ஒப்பவில்லை என்றும் தேர்வாளராயிருந்த மொகிந்தர் அமர்நாத் வெளிப்படையாகச் சொன்னார். தோனியோ சென்னை அணியின் தலைவர். சீனிவாசனின் முடிவு ஆட்டத்தின் பார்வையில் சரியாகவே இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டே தோனி சாம்பியன்ஸ் கோப்பையை வென்றார். ஆயினும் அது வாரியத் தலைவரின் முடிவா, அணி முதலாளியின் முடிவா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல முடிவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவதே இரட்டைப் பதவியின் தீங்கு.

அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களுக்கும் இப்படியொருவர் உண்டு. 1973-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியை வாங்கிய ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் 2010-இல் இறக்கும்வரை ஏழு உலகக் கோப்பைகளைக் கண்டார். தன் அணியின் ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்டைப் பற்றி இழிவான செய்தி திரட்ட ஒரு சூதாடிக்குப் பணம் கொடுத்ததற்காக 1990-இல் விலக்கப்பட்டு, 1993-இல் திரும்பினார். ஆனால் அங்கே அவரை விலக்க ஓர் ஆணையர் இருந்தார். நம்மிடம் ஆணையர் இருக்க வேண்டிய நாற்காலியில் முதலாளியே அமர்ந்திருந்தார்.

2018-இல் அணி திரும்பியபோது டெல்டாவில் நிலைமை வேறு. அவ்வாண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் காவிரிப் பங்கை 177.25 டி.எம்.சி. என்று குறைத்தது, மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலமே கொந்தளித்தது. ஏப்ரல் 10-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்க, வெளியே மறியல். உள்ளே மைதானத்தில் செருப்பு விழுந்தது. சென்னையின் மற்ற ஆட்டங்கள் புனேக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலில் அங்கு சென்றார்கள். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாத உழவன் வீட்டுப் பிள்ளையும் மஞ்சள் சட்டை அணிந்தவன்தான். செருப்பு வீசியதை நான் ஆதரிக்கவில்லை. அணியின் பெயரில் ஊர் இருந்தால் ஊரின் துயரமும் அணியின் வாசலுக்கு வரும்.

மாநிலக் கிரிக்கெட்டுக்கு அவர் செய்தது என்ன? 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்துக்கும் நெல்லைச் சங்கர் நகருக்கும் ஆட்டத்தைக் கொண்டுபோனது. நடராஜன், வருண் சக்கரவர்த்தி, சாய் சுதர்சன் போன்றோர் அதில் ஆடி மேலே வந்தவர்கள். ஆனால் ரஞ்சிக் கோப்பை 1987-88-க்குப் பின் தமிழகத்துக்குக் கிட்டவில்லை. அவர் காலத்தில் இறுதியாட்டம் வரை சென்று தோற்றதுதான் மிச்சம். லீக் தொடங்கியபோது இருந்த எட்டு அணிகளில் தஞ்சையின் பெயர் இல்லை. பிற்காலத்தில் சோழர் பெயரையும் திருச்சி அணியே சூட்டிக்கொண்டது!

2019-இல் மாநிலச் சங்கத்துக்கு அவர் மகள் ரூபா குருநாத் தலைவரானார். 2021-இல் வாரியத்தின் நெறிமுறை அதிகாரி, இந்தியா சிமெண்ட்ஸ் தொடர்பைக் காட்டி, அவரிடமும் மறைமுகமான ஆதாய முரண் உண்டென்று தீர்ப்பளித்தார்; அவ்வாண்டு இறுதியில் அவர் பதவி விலகினார். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கிரிக்கெட் அணி முன்னரே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அந்த விற்பனையில் சேரவில்லை. தாழையூத்துச் சுண்ணாம்பில் எழுந்த ஆலை கைமாறியது; ஆலைப் பணத்தில் வாங்கிய அணி குடும்பத்திடமே தங்கிற்று.