படைவீரர்கள் காப்பாற்றிய கட்டங்கள்

1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு (ஹைலேண்ட்) உடையை அணிவது குற்றம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மறுமுறை 7 ஆண்டு நாடுகடத்தல். அதற்கு முந்தைய ஆண்டு குலோடன் போர்க்களத்தில், பதவியிழந்த பழைய அரச வம்சத்துக்காக எழுந்த ஜேக்கபைட் கிளர்ச்சியை நசுக்கிய அரசு, மலைநாட்டாரின் குலப்பற்றையும் வேரோடு பிடுங்கத் துணிந்தது. இடுப்பில் கட்டும் கில்ட், தோளில் போர்த்தும் பிளெய்ட், டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணியில் தைத்த மேலங்கி எல்லாமே தடைப் பட்டியலில் இருந்தன. ஆனால் மன்னரின் படையில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. 1782இல் தடை நீங்கும்வரை அந்த உடைக்குச் சட்டப்படி அடைக்கலம் தந்தது ராணுவம்தான். டார்ட்டனை அறிய விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

முதலில் துணியைப் பார்ப்போம். பாவு நூலில் எந்த நிறங்கள் எந்த வரிசையில், எத்தனை இழைகளாக ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அதே கணக்கில் ஊடை நூலும் ஓடும். ஒவ்வொரு இழையும் இரண்டுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று புகுந்து செல்வதால், ஜீன்ஸ் துணியில் இருப்பதுபோலச் சாய்ந்த வரி விழும். ஒரு நிறம் தன்னையே சந்திக்கும் இடத்தில் அடர்த்தியாகவும், வேறொன்றைச் சந்திக்கும் இடத்தில் பாதிப் பாதிக் கலவையாகவும் தெரியும். இப்படி 3 நிற நூல்களில் 6 சாயல்கள் பிறக்கின்றன. 6 நிறங்களில் 21. ஒரு முழுக் கட்ட அமைப்புக்கு ‘செட்’ என்று பெயர். அதில் ஒரேயொரு மெல்லிய கோட்டைச் சேர்த்தாலும் அது வேறு டார்ட்டன் ஆகிவிடும்.

அந்தக் கோடுகளை வைத்துத்தான் படைகள் தங்களை வேறுபடுத்திக்கொண்டன. மலைநாட்டைக் கண்காணிக்க 1725இல் திரட்டப்பட்ட தனிக் கம்பெனிகள் 1739இல் ரெஜிமென்ட் ஆகிப் பின்னாளில் ‘பிளாக் வாட்ச்’ என்று புகழ்பெற்றன. அவர்களுடைய கரும்பச்சை, கருநீலம், கறுப்புக் கட்டத்துக்கு அரசு டார்ட்டன் என்றே பெயர். 1794இல் உருவான கார்டன் ஹைலேண்டர்ஸ் படையின் துணிக்கு, ஹண்ட்லி ஊரின் துணி தயாரிப்பாளர் வில்லியம் ஃபோர்சைத் தந்த மாதிரிப்படி அதே கட்டத்தில் மஞ்சள் கோடு ஏறியது. இன்று கார்டன் குல டார்ட்டன் என்று கடைகளில் விற்பது அந்தப் படைத்துணிதான். கேம்பெல் குலத்தின் டார்ட்டனும் பிளாக் வாட்ச் கட்டமே. தொன்மையான குலச் சின்னங்கள் என்று நாம் நம்பும் பலவற்றுக்குப் பிறப்பிடம் படைமுகாம்.

வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடும் மெக்கன்சி டார்ட்டனின் கதை என்னை மிகவும் பாதிப்பது. மெக்லியாட் பிரபு என்ற ஜான் மெக்கன்சி, 1745இல் தொடங்கிய அதே ஜேக்கபைட் கிளர்ச்சியில் மன்னருக்கு எதிராக வாளேந்தியவர். மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் படையில் ஊழியம் பார்த்துத் திரும்பியவர், 1777இல் அந்த மன்னரின் வம்சத்துக்காகவே, இந்தக் கட்டத்தை அணிந்த ஒரு ரெஜிமென்ட்டைத் திரட்டினார். அது 1780இல் சென்னையில் வந்திறங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியின் படை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி நடத்திய படையைச் சிதறடித்தபோது, இந்த ரெஜிமென்ட்டின் இரு கம்பெனிகளும் அங்கே சிக்கின. பிடிபட்ட கேப்டன் டேவிட் பேர்டு ஸ்ரீரங்கப்பட்டினச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மலைநாட்டு ஏழை இளைஞர்கள் ஒரு பேரரசின் போர்களுக்காக நம் மண்ணில் மாண்டிருக்கிறார்கள். அவர்கள் எதிர்த்துப் போரிட்டதோ இந்த மண்ணின் வீரர்களை. டார்ட்டனின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

முதல் உலகப் போரிலும் ஹைலேண்ட் படையினர் காக்கி மேலுறை கட்டிய கில்ட்டுடன்தான் பதுங்கு குழிகளில் நின்றார்கள். சேற்றில் நனைந்து உறைந்த துணியின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. 1915இல் லூஸ் போரில் 9ஆம், 15ஆம் ஸ்காட்டிஷ் டிவிஷன்கள் ஆயிரக்கணக்கானோரை இழந்தன. பல ஸ்காட்லாந்துக் குடும்பங்களுக்கு இந்தக் கட்டங்கள் இறந்தவர்களின் நினைவு.

அப்படியானால் பிறர் உடுத்தலாமா? தாராளமாக உடுத்தலாம். இந்தக் குலத்தார்தான் இதை அணிய வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. பிளாக் வாட்ச் கட்டத்தை உலகெங்கும் எல்லோரும் அணிகிறார்கள். ஆனால் 1853இல் உருவான பால்மோரல் டார்ட்டனை அரச குடும்பத்துக்கே விட்டுவிடுவது மரபு. படைப்பிரிவின் தொப்பிச் சின்னம், பிளாக் வாட்ச் வீரரின் சிவப்பு இறகுக் குஞ்சம், பதக்கங்கள் ஆகியவை சேவை செய்து ஈட்டியவை. அழகுக்காக அவற்றைச் சூடிக்கொள்வது தவறு. கில்ட் முழங்காலின் நடுவில் முடிய வேண்டும், கொசுவம் பின்பக்கம் வர வேண்டும், முன்மடிப்பு வலப்பக்கம் முடிய வேண்டும். கில்ட் ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்துங்கள்; மேல், உள் மடிப்புகள் இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுபட்டுக் கிழியும். செம்பட்டை டோப்பாவோடு விற்கும் கேலி வேடத்தை வாங்காதீர்கள்.

2009 முதல் ஸ்காட்லாந்து அரசு நடத்திவரும் டார்ட்டன் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். துணி வாங்குமுன் அதன் பெயரை அங்கே தேடுங்கள். அது ஒரு ரெஜிமென்ட்டின் கட்டம் என்று தெரிந்தால், அந்த வீரர்கள் எங்கே, யாரை எதிர்த்துப் போரிட்டார்கள் என்பதையும் படித்துவிட்டு உடுத்துங்கள்.