கடைசல் மெருகில் அரக்கும் மெழுகும்: ஒரு சொற்பொருள் நோக்கு

கடைசல் மரப்பொருள்களுக்கு மெருகேற்றும் முறையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர், ஷெல்லாக், லாக்கர், வாக்ஸ் ஆகிய மூன்றையும் அரக்கு, மெழுகு என்னும் இரு சொற்களுள் வேறுபாடின்றி அடக்கிவிட நேர்வதுண்டு. அங்ஙனம் அடக்குங்கால் செய்முறையே பிழைபடும். இச்சொற்களின் பொருளெல்லையைத் தொழில் நிகழ்முறையின் அடிப்படையில் வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

அரக்கு, மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறுபூச்சி சுரக்கும் பிசின்; சாராயத்தில் கரைவது; உலர்ந்தபின் கெட்டியான படலமாவது. தேன்மெழுகு, 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுவது, கற்பூரத்தைலத்தில் கரைவது, உலர்ந்தபின்னும் மென்மையாகவே நிற்பது. ஆகவே அரக்கை முதலிலும் மெழுகை அதன்மேலும் பூசுதல் மரபு. மெழுகின்மேல் அரக்குச் சரிவரப் பற்றாது. மொழிபெயர்ப்பில் இவ்விரு சொற்களும் இடம் மாறின், படிப்பவர் மெருகு உரிந்துவிடும்.

அரக்கினுள்ளும் பழைய அகராதிகள் வேறுபாடு காட்டுகின்றன. கிளையோடு கிடைப்பது கொம்பரக்கு; உருக்கி மெல்லிய தகடாக்கியது அவலரக்கு. ஷெல்லாக் என்பதற்கு நேரான சொல் பின்னதே. 100 கிராம் அவலரக்கை ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் தூய சாராயத்தில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டினால், வீட்டிலேயே பூச்சுக் கரைசல் ஆயத்தமாகும்.

கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் நம் அம்பாசமுத்திரத்திலும் வழங்கும் கடைசல் முறையோ வேறு. அங்குக் கரைப்பான் இல்லை. நிறமூட்டிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்த, உராய்வு வெப்பத்தால் அரக்கு இளகிப் படிகிறது. சென்னபட்டணத்தார் பின்னர்த் தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பூட்டுவர். இரண்டையும் 'அரக்குப் பூச்சு' என்றே குறித்தால் வேறுபாடு மறையும். முன்னதை 'அரக்குக் கரைசல் பூசுதல்' எனவும், பின்னதை 'அரக்குக் குச்சி ஏற்றுதல்' எனவும் பிரித்தல் தகும்.

லாக்கர் என்னும் சொல் மேலும் எச்சரிக்கை வேண்டுவது. சென்னபட்டணப் பொருளைச் சுட்டுங்கால் அஃது அரக்கு. சப்பானியப் பொருளைச் சுட்டுங்கால் மரப்பால். இன்றைய ஆலைப் பூச்சைச் சுட்டுங்கால் பெரும்பாலும் செயற்கைப் பொருள். எனவே இடமறிந்தே பெயர்க்கவேண்டும்.

ஆங்கிலம் 'மெழுகு' என வழங்கும் முத்திரைப் பொருளைத் தமிழ் 'முத்திரையரக்கு' என்கிறது. அதன் மரபான மூலப்பொருள் அவலரக்கு ஆதலின், தமிழ் வழக்கே பொருத்தமுடையது. இயற்கை அரக்கிலும் சிறிதளவு மெழுகு கலந்திருக்கும். அதனை நீக்கிய அரக்கும் விற்பனைக்குண்டு. இரு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டால் அதனை 'மெழுகு நீக்கிய மெழுகு' என்றே சொல்லநேரும்.

பாலக்காட்டுச் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அரக்கு, மெழுகு, கடைதல் என்பன இரு மொழிக்கும் பொதுவான வேர்களையுடையன. புதுச்சொல் படைக்குமுன் இப்பொதுச் சொற்களை வரையறுத்து ஆளுதல், அங்குள்ள இருமொழியாளர்க்கும் தொழில் பயில்வோர்க்கும் ஒருங்கே பயன்தரும்.