வீட்ல டிராஃப்ட் பியர்: எது வாங்கணும், எது வேணாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். இப்ப மண்டகப்பட்டு குகைக்கோயில் வாசல்ல உட்கார்ந்துதான் பேசறேன். நடுவுல ஆடு கத்துற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டுல இந்தப் பாறையைக் குடைஞ்சப்ப, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம கட்டினதா கல்வெட்டுல எழுதி வெச்சிருக்கான். சிங்கப்பூர் வீட்ல நான் டிராஃப்ட் பியர் செட் போட்ட கதை இதுக்கு நேர் எதிர். கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கினேன், கடைசியில பாதி சாமானை வித்தேன். அந்த அனுபவம்தான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல சட்டம். சிங்கப்பூர்ல 2004-ல இருந்து, 18 வயசு ஆனவங்க சொந்த உபயோகத்துக்காக வீட்ல பியர் காய்ச்சிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும்தான், விற்கக் கூடாது. தமிழ்நாட்டுல இது கிடையாது. இங்க சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கையில, வீட்ல காய்ச்சினா குற்றம். அதனால இதைக் கேட்டுட்டு இங்க யாரும் ஆரம்பிச்சுடாதீங்க.

எத்தனை பேர், எத்தனை நாள்?

சாமான் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் வேணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை நண்பர்கள் வர்ற வீடுன்னா 5 லிட்டர் மினி கெக் போதும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து, குழாயைத் திறந்தா முடிஞ்சது. இதுல ரெண்டு வகை இருக்கு. உள்ளயே கார்பன்-டை-ஆக்சைடு அழுத்தம் இருக்கிற வகை, திறந்த பிறகும் சில வாரம் தாங்கும். சாதாரண வகையில பியர் இறங்க இறங்க வெளிக்காத்து உள்ள போகும், அன்னைக்கே காலி பண்ணிடணும்.

பார்ட்டிக்குக் கையால அடிக்கிற பம்ப் வர்ற பெரிய கெக்கும் அப்படித்தான். பம்ப் அடிக்கிறது வெறும் காத்து. அதுல இருக்கிற ஆக்சிஜன் பட்டா மறுநாளே பியர் நனைஞ்ச அட்டை மாதிரி வாசம் அடிக்கும்.

நீங்களே காய்ச்சி, வாரக்கணக்குல வெச்சுக் குடிக்கிறவங்களா இருந்தா மட்டும் அடுத்த படிக்குப் போங்க. 19 லிட்டர் கார்னி கெக், அதுக்கு இடம் இருக்கிற ஒரு ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், டேப். ஒரு கெக்குல 330 மில்லி கிளாஸ் 57 வரும். தனி ஆளா இருந்தா இது வேணாம்னுதான் சொல்வேன். பாட்டில்னா எத்தனைன்னு கணக்கு தெரியும். குழாய்ல தெரியாது.

நுரை மட்டும் வருதா?

எல்லாரும் உடனே ரெகுலேட்டரைத் திருகுவாங்க. நானும் அதைத்தான் பண்ணேன். பெரும்பாலும் பிரச்சினை சூடுதான். குளிர்ந்த பியர்லதான் வாயு கரைஞ்சு நிக்கும், டியூபோ டேப்போ சூடா இருந்தா அந்த இடத்துலயே நுரையா வெளிய வந்துடும். நம்ம ஊர் வெயிலுக்கு, சிங்கப்பூர் புழுக்கத்துக்கு, இது முக்கியம். ஃப்ரிட்ஜுக்கு வெளிய அழகா டவர் வெச்ச மாடலை விட, டியூப் முழுசும் உள்ளயே இருக்கிற மாடல் நல்லது.

3, 4 டிகிரி குளிர், 10-ல இருந்து 12 பி.எஸ்.ஐ. அழுத்தம், 5 மி.மீ. உள்விட்ட டியூப்னா ரெண்டுல இருந்து மூணு மீட்டர் நீளம். இதுல ஆரம்பிங்க. டியூபை வெட்டி அரை மீட்டர் ஆக்கினா பியர் பீச்சி அடிக்கும்.

காசு எங்க செலவு பண்ணணும்?

ரெகுலேட்டர்ல. கெக் பழசு வாங்கலாம், ஃப்ரிட்ஜ் பழசு வாங்கலாம். ரெகுலேட்டர் புதுசா, பாதுகாப்பு வால்வோட இருக்கணும். சிலிண்டர்ல சோதனைத் தேதி பொறிச்சிருக்கும், அது தாண்டியிருந்தா தொடாதீங்க.

இது ஏன்னு என் கதையில புரியும். இடம் அடைக்குதுன்னு ரெண்டு கிலோ சிலிண்டரை வீட்டு ஷெல்டர்ல வெச்சேன். சிங்கப்பூர் வீவக வீடுகள்ல இருக்குமே, சுத்தி கான்கிரீட், கனமான இரும்புக் கதவு, எல்லாரும் ஸ்டோர் ரூமா வெச்சிருக்கிற அந்தச் சின்ன அறை. ரெகுலேட்டர் மாட்டுறப்ப நடுவுல ஒரு சின்ன வாஷர் போடணும். நான் போடல. காலையில கதவைத் திறந்து குனிஞ்சேன். மூக்குல சுருக்குன்னு ஏறுச்சு, ரெண்டு மூச்சுல நெஞ்சு படபடன்னு அடிச்சுது. வெளிய வந்து உட்கார்ந்துட்டேன். சிலிண்டர் காலி.

அப்புறம்தான் கணக்கு போட்டேன். ரெண்டு கிலோ வாயு வெளிய வந்தா ஆயிரம் லிட்டருக்கு மேல. என் ஷெல்டர் மொத்தமே சுமார் ஆறாயிரம் லிட்டர்தான். காத்துல பத்து சதவீதம் கார்பன்-டை-ஆக்சைடு ஆனாலே சில நிமிஷத்துல நினைவு தப்பிடும். அது காத்தை விடக் கனம், கீழயே தேங்கும். எனக்கு நாலு வயசுல பொண்ணு இருக்கா. அவ பொம்மையெல்லாம் அந்த ரூம்லதான் இருந்துச்சு.

இப்ப சிலிண்டர் ஹால்ல, ஜன்னல் பக்கம், சங்கிலி போட்டு நிமிர்ந்து நிக்குது. ஒவ்வொரு தடவை மாட்டினதும் சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கிறேன். சமையல் கேஸ் மெக்கானிக் பண்றாரே, அதே தான். குமிழி வந்தா கசிவு. ராத்திரி வால்வை மூடிடுவேன்.

கடைசியா, சுத்தம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டியூபைக் கழுவணும். அதுக்குச் சோம்பல்னா மினி கெக்கோட நிறுத்திக்கோங்க.

இதெல்லாம் கேட்டுட்டு பக்கத்துல உட்கார்ந்திருக்கிற சித்தப்பா பையன், "அப்ப ஊர்ல ஒண்ணுமே வைக்க முடியாதாண்ணா?"ன்னு கேக்கறான். முடியும்டா. கார்னி கெக் முதல்ல செஞ்சதே சோடா, கூல் டிரிங்க் கம்பெனிக்குத்தான். தண்ணி ஊத்தி, அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ. பக்கம் ஏத்தி, டியூபை இன்னும் நீளமாப் போட்டு, கிளாஸ்ல நன்னாரி சர்பத் விட்டுப் பிடி. கல்யாண வீட்ல வரிசை கட்டி நிப்பாங்க. ஆனா வாஷரை மறக்காத.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.