குளிர்காலச் சக்கரம் யாருக்கு வேண்டும்?

மைசூரில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 12 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு குளிர்கால டயரைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று நேயர்கள் வினவலாம். தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் எல்லோரும் மைசூரிலேயே இருந்துவிடவில்லை. சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் லேயிலும் பணிபுரிவோர் பலர். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வந்தால் வண்டியையும் உடன் கொண்டு செல்வோர் அவர்களுள் பலர். அன்றியும், மைசூர் ஒரு டயர் நகரம். மேட்டகள்ளியில் இருந்த விக்ராந்த் டயர் ஆலையை 1997-இல் ஜே.கே. நிறுவனத்தார் ஏற்றுக்கொண்டனர், இன்றும் அங்கே டயர் உற்பத்தி நடைபெற்று வருகிறது.

வேகமும் மிடுக்கும் வாய்ந்த செடான் கார்களை வாங்குவோர் இப்போது பெருகிவிட்டனர். வாங்கிய சில மாதங்களில் அவர்களுக்கு எழும் ஆசை ஒன்று உண்டு: சக்கரத்தைப் பெரிதாக்குவது. குளிர்நாடுகளில் இதே வகைக் காரை வைத்திருப்போர் பனிக்காலம் வந்ததும் இதற்கு நேர்மாறாகச் சக்கரத்தைச் சிறிதாக்குகின்றனர். ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிந்தால், பனியே காணாத ஊரிலும் நாம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

முதலில் டயரின் பக்கச் சுவரில் பொறித்திருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதுவும் ஒரு மொழியாகவே தோன்றுகிறது. இலக்கணம் மிகச் சுருக்கம், விதிவிலக்கும் குறைவு. 2022-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் காரின் உயர்வகையில் 205/55 ஆர் 16 என்னும் அளவு காணப்படும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம்; அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பைக் குறிக்கும். 16 என்பது டயர் பொருந்தும் உலோக வளையத்தின், அதாவது ரிம்மின், விட்டம். இது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் இரு அளவைமுறைகளைக் கலந்தது எந்தப் பண்டிதரின் செயலோ!

இனிக் கணக்கிடுவோம். 205-இல் நூற்றுக்கு 55 பங்கு 112.75 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரு சுவர்கள் சேர்ந்து 225.5. 16 அங்குலம் 406.4 மில்லிமீட்டர். ஆகச் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 632. இம்முழு விட்டம் மாறலாகாது என்பதே முதல் விதி. 225/45 ஆர் 17 என்னும் அளவைக் கணக்கிட்டால் 634 வருகிறது. 195/65 ஆர் 15 என்பதும் ஏறத்தாழ அவ்வளவே. மூன்று டயர்களும் உயரத்தில் உடன்பிறப்புகள். ரிம் வளர வளரச் சுவர் குறைகிறது, அவ்வளவுதான். இதற்கு மாறாக, கடைக்காரர் சொன்னார் என்று 215/60 ஆர் 16 மாட்டினால் விட்டம் 664 ஆகிவிடும். நூற்றுக்கு 5 பங்கு மிகுதி. வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் முன்னிலும் 5 கிலோமீட்டர் விரைவாகச் செல்லும். திருப்பத்தில் டயர் சக்கரக்கூட்டின் உட்புறத்தை உரசவும் கூடும். 3 பங்குக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது அனுபவசாலிகளின் வழக்கு.

குளிர்நாட்டார் செய்வதற்கு இப்போது வருவோம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. குளிர்கால டயரின் ரப்பர்க் கலவையோ அக்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை பனியைக் கவ்விக்கொள்ளும். அகலம் குறைந்த டயரை அவர்கள் விரும்புவதற்கும் காரணம் உண்டு. வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமும் மாறாதிருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. அகன்ற டயரில் அப்பரப்பு குறுக்கே நீண்டு கிடக்கிறது. ஒடுங்கிய டயரிலோ பயணத் திசையில் நீள்கிறது. குறுக்கே கிடப்பது புதுப்பனியின் மீது தெப்பம்போல் ஏறிக்கொள்ளும். ஒடுங்கியது கலப்பைபோல் கிழித்து உட்சென்று கெட்டித் தரையைத் தேடும். உயர்ந்த பக்கச் சுவர், பனி மூடி மறைத்த குழிகளில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும். சங்கிலி கட்டவும் இடம் கிடைக்கும். பல கார்களின் கையேடுகளில் ஒடுங்கிய அளவுக்கு மட்டுமே சங்கிலி அனுமதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஆனால் விரைவுக் கார்களில் ஒரு தடை உண்டு. வேகத்தை அடக்கப் பெரிய பிரேக் தட்டுகளும் அவற்றைப் பிடிக்கும் பெரிய கிடுக்கிகளும் அவற்றில் பொருத்தப்பட்டிருக்கும். 15 அங்குல ரிம்மை மாட்டினால் அக்கிடுக்கியில் இடிக்கும். எனவே எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நம் விருப்பமன்று, பிரேக்கே. கையேட்டிலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ உற்பத்தியாளர் குறித்துள்ள அளவுகளில் மிகச் சிறியதைத் தேர்க. ரிம்மின் துளைகள் அமைந்த வட்டம், நடுத்துளை, ரிம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ தள்ளியிருக்கும் அளவு ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிம்லாவிலும் காஷ்மீரத்திலும் உள்ள அன்பர்களுக்கு இரண்டு சொற்கள். எம் என்றும் எஸ் என்றும் இரு ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது உற்பத்தியாளர் தாமே இட்டுக்கொள்ளும் அடையாளம். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த முத்திரை, சோதனையில் தேறிய டயருக்கே உரியது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் இம்முத்திரை உள்ளதையே குளிர்கால டயராகச் சட்டம் ஏற்கிறது. அடுத்தது, நான்கு சக்கரங்களுக்கும் மாட்டுக. முன்சக்கரங்கள் மட்டும் பற்றிக்கொண்டு பின்சக்கரங்கள் வழுக்கினால், வளைவில் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும். செலவு கருதி இரண்டோடு நிறுத்துவது சிக்கனமாகாது.

மைசூருக்குத் திரும்புவோம். இங்கே பனி இல்லை. நமக்கு வாய்த்த குளிர்காலம் மழைக்காலமே. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர் – மைசூர் விரைவுச் சாலையில் கார்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். தேங்கிய நீரின் ஆழம் டயரின் பள்ளங்களைவிட மிகுந்துவிட்டால், ஒரு வேகத்தில் டயர் நீரின் மேல் மிதந்துவிடும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. விமான டயர்களைக் கொண்டு அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1960-களில் கண்ட சூத்திரத்தின்படி, அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 32 பவுண்டாயின் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். 25 பவுண்டுக்கு இறங்கியிருந்தால் 83. விரைவுச் சாலையின் உச்ச வேகத்தோடு இவ்வெண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்ந்த டயருக்கும் அகன்ற டயருக்கும் அபாயம் இன்னும் மிகுதி. நம் நாட்டு விதி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. மழைக்கு அது போதாது என்பது என் துணிபு. ஆஸ்திரிய நாட்டில் குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் கேட்கின்றனர்.

கோவைக்கும் ஈரோட்டுக்கும் செல்லும் நம்மவர் சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்குகின்றனர். அங்கே கொண்டையூசி வளைவுகள் 27. பொங்கலுக்கு ஊர் செல்லும் குடும்பத்தில் ஐவர். பின்பெட்டி நிறையப் பாத்திரமும் துணியும். அந்நேரத்தில் டயரின் மற்றோர் எண்ணுக்கு மதிப்பு வருகிறது. அளவை அடுத்து 91 வி என்றிருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது. அளவை மாற்றும்போது சுமைக் குறியீட்டை மட்டும் ஒருபோதும் குறைக்கலாகாது. வேகக் குறியீடு குளிர்கால டயரில் சற்றுக் குறைந்திருப்பதை ஐரோப்பியச் சட்டங்களே அனுமதிக்கின்றன. அந்த வேகத்தை நினைவூட்டும் சீட்டு ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டியிருக்கவேண்டும்.

18 அங்குல ரிம்முக்கு ஆசைப்படுவோர் நினைக்கவேண்டியது பக்கச் சுவரை. 225/40 ஆர் 18 அளவில் அதன் உயரம் 90 மில்லிமீட்டரே. நம் சாலைகளின் குழியில் விழுந்தால் ரிம் வளையும். சுவருள் நூல் அறுந்து வீங்கும். அவ்வீக்கம் மலையிறக்கத்தில் வெடித்தால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டா.

வடக்கே டில்லியில் இருப்போருக்கும் குளிர் ஒரு வேலை வைக்கிறது. 40 டிகிரி வெயிலில் 32 பவுண்டு காற்று அடைத்த டயரில், ஜனவரியில் 5 டிகிரி விடியலில் 27 பவுண்டே காட்டும். காற்று எங்கும் கசியவில்லை, குளிர்ந்து சுருங்கிவிட்டது. மாதம் ஒருமுறை, வண்டி ஓடுமுன் அளந்து நிரப்புக.

சிம்லாவிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வரும் அன்பர் குளிர்கால டயருடனேயே வந்து சேர்ந்தால், அதனைச் சித்திரை வரை ஓட்ட வேண்டா. நெகிழ்ந்த ரப்பர் இங்குள்ள வெயிலில் குழைந்து விரைவில் தேயும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும். கழற்றி நிழலில் வைத்துப் பிறருக்குக் கொடுப்பதாயின், பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்து வயதைச் சொல்லிக் கொடுக்கலாம்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. மாற்றுச் சக்கரத்தையும் அன்றே எடுத்துப் பார்த்துவிடுக. பல கார்களில் அது மற்ற நான்கைவிடச் சிறியதாகவும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என்னும் எச்சரிக்கை ஒட்டியதாகவும் இருக்கும்.