வயர்லெஸ் செட்டுக்கு எந்த அடாப்டர்? வாங்கும் முன் வணிகர்கள் அறிய வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கிடங்கும் லாரியும் வைத்துத் தொழில் செய்யும் வணிக அன்பர்களில் சிலர், செல்போன் வந்த பிறகும் இருவழி வயர்லெஸ் செட்டைக் கைவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அடித்த வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மின்சாரம் போனதும் செல்போனும் பல இடங்களில் ஊமையாகிவிட்டது. லாரி எங்கே நிற்கிறது, கிடங்கில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்கக்கூட வழியில்லை. 2015 வெள்ளத்தில் ஹாம் ரேடியோ அன்பர்கள்தாம் தம் செட்டுகள் மூலம் செய்தி அனுப்பி உதவினார்கள். பாட்டரியும் ஆண்டெனாவும் இருந்தால் வயர்லெஸ் செட் டவரை நம்பி நிற்பதில்லை.

ஆனால் அந்த நாளில் செட் பேச வேண்டுமானால், அதையும் கூரை மேல் உள்ள ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிளும், கேபிளின் முனையில் உள்ள சிறு பித்தளைச் சாமானும் ஒழுங்காக இருக்க வேண்டும். செட்டுக்குப் பல ஆயிரம் செலவு செய்துவிட்டு, முனைக்குக் கையில் கிடைத்ததை மாட்டுவதுதான் நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. அதனால் வரும் நஷ்டத்தைத் தவிர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் உரிமம்

கூரையில் ஆண்டெனா வைத்துப் பேசும் வி.ஹெச்.எஃப்., யு.ஹெச்.எஃப். செட்டுகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உரிமம் தேவை. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும், குறைந்த சக்தி கொண்ட கைச் செட்டுகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு 25 வாட் செட்டைக் கடையில் பொருத்த முடியாது. ஆன்லைனில் கண்டபடி வாக்கி டாக்கி விற்பதைத் தடுக்க 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டிருக்கிறது. எனவே முதலில் காகிதத்தைச் சரி செய்துகொண்டு, பிறகு கேபிளுக்குப் போக வேண்டும்.

வாய் எத்தனை வகை?

நடுவில் ஊசி இருந்தால் அது மேல். துளை இருந்தால் ஃபீமேல். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு வகைகளை அடையாளம் காணப் பழகினால் போதும்.

பெரிய மரை வைத்துத் திருகுவது பி.எல்.259. அது போய் உட்காரும் சாக்கெட் எஸ்.ஓ.239. வண்டியிலும் மேசையிலும் வைக்கும் செட்டுகளில் இதுவே அதிகம். இதை யு.ஹெச்.எஃப். கனெக்டர் என்பார்கள், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது 1930-களில் வந்தது. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதையெல்லாம் அன்று மிக உயர்ந்த அலைவரிசை என்று கருதியதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள வி.ஹெச்.எஃப். செட்டுக்கு இது நன்றாகவே உழைக்கும். 400-க்கு மேல் பேசும் செட்டுக்கு என் டைப் நல்லது. மழைக்கும் என் டைப்பே தாங்கும்.

அழுத்தி, கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்வது பி.என்.சி. கைச் செட்டில் உள்ள சின்னத் திருகு எஸ்.எம்.ஏ. இதில் ஒரு சிக்கல் உண்டு. சில கம்பெனிகளின் செட்டில் ஊசி இருக்கும், சிலவற்றில் துளை இருக்கும். இன்டர்நெட் ரூட்டரில் வருவது ஊசியும் துளையும் இடம் மாறிய வேறு ரகம். அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. இவை தவிர, மோட்டோரோலா ஜி.எம்.300 போன்ற பழைய வண்டி செட்டுகளில் மினி யு.ஹெச்.எஃப். இருக்கும். அது பி.எல்.259-இன் தம்பி போலத் தெரியும். ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது.

ஐம்பதும் எழுபத்தைந்தும்

வயர்லெஸ் செட், அதன் ஆண்டெனா, கேபிள் மூன்றும் 50 ஓம் கணக்கில் செய்யப்பட்டவை. கேபிள் டி.வி. வயரும், நம் கடைகளில் கண்காணிப்புக் கேமராவுக்கு இழுத்திருக்கும் வயரும் 75 ஓம். இந்த வித்தியாசம் ஒன்றினால் மட்டும் செட் எரிந்துவிடாது. அனுப்பும் சக்தியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பி வரும், அவ்வளவுதான். உண்மையான தொந்தரவு வேறு. டி.வி. வயரின் மேல் வலை பெரும்பாலும் அலுமினியம். அதில் ஈயப் பற்று பிடிக்காது. கேமரா வயரில் வலை இழை குறைவு, நடுக்கம்பியும் மெல்லியது. அந்த வயரை 50 ஓம் முனையில் நுழைத்தால் இன்று பிடித்தது போல இருந்து நாளை கழன்று நிற்கும். இணைப்பு விட்ட நிலையில் பேசும் பட்டனை அழுத்தினால் சக்தி முழுதும் செட்டுக்கே திரும்பும். அப்போதுதான் செட்டுக்கு ஆபத்து.

என் டைப்பில் இன்னும் கவனம் தேவை. 50 ஓம் ஊசி தடித்தது. அதை 75 ஓம் சாக்கெட்டில் திணித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய துளை விரிந்து கெட்டுவிடும்.

கேபிளின் கனம்

ஆர்.ஜி.58 சுமார் 5 மில்லிமீட்டர் கனம், ஆர்.ஜி.213 சுமார் 10 மில்லிமீட்டர். ஓட்டைக் கோணியில் அரிசி கொண்டு போனால் வழியெல்லாம் சிந்துவது போல, மெல்லிய கேபிளில் சக்தி சிந்தும். வி.ஹெச்.எஃப்.-இல் 30 மீட்டர் ஆர்.ஜி.58 இழுத்தால், 25 வாட் செட்டிலிருந்து ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 6 வாட்தான். அதே தூரத்துக்கு ஆர்.ஜி.213 போட்டால் சுமார் பாதி போய்ச் சேரும். வண்டிக்குள் நாலைந்து மீட்டருக்கு மெல்லியது போதும். மாடிக்கு ஏற்றுவதானால் கனமானதை வாங்குங்கள்.

பி.எல்.259-க்குள் ஆர்.ஜி.213 நேராகப் போகும். ஆர்.ஜி.58 தொளதொளவென்று நிற்கும், அதற்கு யு.ஜி.175 என்ற ரெடியூசர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது.

அடாப்டர் குறைவாக இருப்பதே லாபம்

நல்ல அடாப்டர் ஒன்றில் சக்தி நஷ்டம் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு மூட்டும் தளரக்கூடிய இடம், தண்ணீர் புகும் இடம். மூன்று அடாப்டரைக் கோத்து மாட்டுவதைவிட, கேபிள் முனையையே சரியான கனெக்டராக மாற்றிவிடுவது சிக்கனம். கைச் செட்டின் எஸ்.எம்.ஏ. வாயில் கனத்த கேபிளை நேராக மாட்டவே கூடாது. அதன் பாரத்தில் உள்ளே உள்ள போர்டு விரிந்துவிடும். ஒரு முனையில் எஸ்.எம்.ஏ., மறு முனையில் எஸ்.ஓ.239 உள்ள ஓரடி மெல்லிய இணைப்பு வயர் போட்டு, கனத்த கேபிளைச் சுவரில் கிளிப் அடித்து நிறுத்துங்கள்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. பி.எல்.259 தண்ணீரைத் தடுக்காது. வெளியே உள்ள மூட்டில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் சுற்ற வேண்டும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடி தாங்கியும் எர்த்தும் அவசியம்.

கடைக்குப் போகும்போது

ரிச்சி தெருவுக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். செட்டின் வாயையும் ஆண்டெனாவின் வாயையும் நேராகப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு சாண் கேபிள் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். மேலா ஃபீமேலா, 50 ஓம்தானா, கேபிள் கனம் என்ன என்ற மூன்றையும் சொல்லி வாங்குங்கள். மாட்டியபின் மெக்கானிக்கை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 1.5-க்குள் இருந்தால் நிம்மதி. 2-க்கு மேல் போனால் மூட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 3 காட்டினால் கால் பங்கு சக்தி திரும்புகிறது என்று பொருள்; பேசாமல் நிறுத்திவிடுங்கள். அளவைச் சுவரிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒருமுறை அளந்து பார்த்தால், எண் ஏறியிருப்பதிலிருந்தே தண்ணீர் புகுந்ததா என்று மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.