மண்ணின் வில்லங்கத்துக்கு யார் பொறுப்பு?

நான் வசிக்கும் நூம்பல் போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் மனை வாங்குவோர் பட்டாவைப் பார்க்கிறார்கள். வில்லங்கச் சான்று பெறுகிறார்கள். அந்த நிலத்தில் முன்பு எந்த ஆலை இயங்கியது, அதன் கழிவு எங்கே போயிற்று என்பதை இவ்விரு ஆவணங்களும் சொல்வதில்லை. மண்ணில் நஞ்சு இருந்தால் அதை அகற்றும் பொறுப்பு யாருடையது?

மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படை. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் இதை உறுதிப்படுத்தியது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு மட்டுமல்ல, கெட்டுப்போன சுற்றுச்சூழலைச் சீரமைக்கும் செலவும் இதில் அடங்கும்.

ஆனால், மாசுபடுத்திய நிறுவனமே மூடப்பட்டுவிட்டால்? பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் இயங்கிய ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்’ நிறுவனம் 1990-களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்து, நிலத்தடி நீரையும் கெடுத்தது. லாபம் தனியாருக்கு, சுத்தம் செய்யும் செலவு மக்களுக்கு என்பதைப் பொருளாதாரம் சந்தையின் தோல்வி என்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே மத்திய அரசு 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கான விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை ஆராய்ந்து, பொறுப்பானவரைக் கண்டறிய வேண்டும். அவர் கிடைக்காவிட்டாலோ, செலவை ஏற்க இயலாதவராக இருந்தாலோ மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும்.

வரவேற்கத்தக்க விதிகள்தாம். எனினும், கண்டறியப்பட்ட நிலத்தைச் சீரமைத்து முடிக்கக் காலக்கெடு எதுவும் அவற்றில் இல்லை. இவ்விதிகள் வெளியானபோது நாடெங்கும் அடையாளம் காணப்பட்டிருந்த 103 இடங்களில் ஏழில் மட்டுமே பணி தொடங்கியிருந்தது. கைவிடப்பட்ட நிலங்களுக்கான செலவு இறுதியில் வரி செலுத்துவோர் தலையில்தான் விழும். அமெரிக்கா 1980-இல் இயற்றிய சட்டத்தில் பெட்ரோலிய, ரசாயனத் தொழில்களுக்கு வரி விதித்து இதற்கென நிதியம் உருவாக்கியது. நாமும் ஆலைகள் லாபத்தில் இயங்கும்போதே சீரமைப்புக்கான பிணைத்தொகையைப் பெற வேண்டும். தொழிற்சாலை நிலம் குடியிருப்பாக மாறுமுன் மண் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அதன் முடிவை வில்லங்கச் சான்றிலும் பதிய வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்குபவருக்கு, நிலத்தின் கடனைப் போலவே அதன் நஞ்சையும் அறியும் உரிமை உண்டு.