கம்பளியும் கைப்பக்குவமும்

யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயில் எத்தகையது என்பதை அதனை அனுபவித்தோர் அறிவர். அவ்வெயிலிலே, வீட்டு விறாந்தையில் அமர்ந்து, மடியிலே கம்பளி நூற்பந்தை வைத்துக்கொண்டு, பின்னுவதும் விசிறியை எடுத்து வீசுவதுமாக ஒரு மூதாட்டி இருந்தால், காண்போர் நகையாமல் இருப்பரோ? அயலவர் நகைத்தனர். எமது பெரியம்மாவோ அதனைப் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், நுவரெலியாவில் உள்ள ஒரு கல்லூரிக்கு ஆசிரியராக எமக்கு முதல் நியமனம் கிடைத்திருந்தது. தோட்டக் கிளாக்கரின் மனைவியாக மலைநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவர். அங்குள்ள குளிரை நாம் அறிவதற்கு முன்னரே அவர் அறிந்திருந்தார்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ள நகர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ்தான். தை, மாசி மாதங்களில் சில நாட்களிலே அதிகாலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்தாற்போற் கிடக்கும். நானுஓயாப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கிய அன்று மாலையே பெரியம்மாவின் சுவெற்றரை அணிந்தோம். அதன் அருமையை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

குளிரைத் தடுப்பது எவ்வாறு?

கம்பளி தானே வெப்பம் தருவதன்று. ஆட்டு மயிர் நேரானதன்று, சுருள் சுருளானது. அச்சுருள்களின் இடையே காற்று அகப்பட்டு நிற்கிறது. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலால் எம் உடலின் சூடு வெளியே ஓடிவிடாமல் காக்கப்படுகிறது. தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடை இரண்டு நன்று என்பதற்கும் இதுவே காரணம். இரண்டின் நடுவிலும் காற்று தங்குகிறதன்றோ?

இன்னொரு சிறப்பும் உண்டு. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொடுவோர்க்கு நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தியோ நனைந்ததும் உடலோடு ஒட்டிக் குளிரை மிகுவிக்கும். மலைநாட்டுத் தோட்டங்களிலே கொழுந்து பறித்த பெண்கள், கொட்டும் மழையில் தலையையும் முதுகையும் முரட்டுக் கம்பளியால் மூடிக்கொண்டு நின்றது இதனாலேயே. அக்கம்பளியும் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. சென்ற நூற்றாண்டுகளில் அதன் விலை தொழிலாளரின் கணக்கிலே கடனாக எழுதப்பட்டது. குளிருக்கு அஞ்சி வாங்கிய போர்வைக்கும் உழைத்தே கடன் தீர்த்தனர் என்பதை, தேநீர் அருந்தும் நாம் மறத்தலாகாது.

தமிழர்க்குக் கம்பளி புதிதன்று. மதுரை நகரின் துணிக்கடை வீதியை வருணிக்கும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, பருத்தி ஆடை, பட்டாடை ஆகியவற்றோடு மயிரால் நெய்த ஆடையையும் சேர்த்துச் சொல்கிறது. ஆயினும் வெப்பநாட்டில் வாழும் எம்மிற் பலர்க்கு அதனைப் பேணும் முறை தெரியாது. எமக்கும் தெரிந்திருக்கவில்லை.

எமது அறியாமை

சுவெற்றரில் ஒருநாள் மை சிந்திவிட்டது. வாளியிலே கொதிநீர் ஊற்றி, சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டு, சட்டையைத் தோய்ப்பதுபோலக் கல்லில் அடித்துக் கசக்கிப் பிழிந்து கொடியில் விரித்தோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால், பத்து வயதுச் சிறுவனுக்கும் போதாத அளவிலே, அட்டைபோல் விறைத்துக் கிடந்தது!

நிகழ்ந்தது இதுதான். கம்பளி, எம் தலைமயிரைப் போலவே கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. ஒவ்வோர் இழையின் மேலும் கூரை ஓடுகளைப்போல நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. சூடும் ஈரமும் சவர்க்காரமும் சேருங்கால் அச்செதில்கள் விரியும். அவ்வேளையிற் கசக்கினால் இழைகள் ஒன்றையொன்று கொளுவி இறுகிவிடும். இறுகியதைப் பிரித்தல் இயலாது. மங்கோலிய நாடோடி மக்கள் கூடாரத்துக்கு வேண்டிய தடித்த கம்பளத்தை இவ்வியல்பைக் கொண்டே ஆக்குகின்றனர். அவர்களுக்கு அது கலை, எமக்கோ அழிவு.

அச்சுவெற்றரை றங்குப்பெட்டியின் அடியில் மறைத்தோம். நல்லூர்த் திருவிழாவுக்கு வீடு சென்றபோது பெரியம்மா முதலிற் கேட்டதே அதனைத்தான். மறைக்க இயலாமல் எடுத்துக் கொடுத்தோம். விரல்களால் தடவிப் பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "தம்பி, பருத்தியை அடிச்சுத் தோய்க்கலாம். இது மயிரல்லோ? பச்சைக் குழந்தையை முழுக வார்க்கிற மாதிரித் தோய்க்க வேணும்" என்றார். கம்பளியைப் பற்றி அதன்பின் நாம் எத்தனையோ வாசித்துள்ளோம். அவ்வொரு வாக்கியத்துக்கு மேலாக ஒன்றும் கற்கவில்லை.

பேணும் முறை

குழந்தைக்கு நீர் சுடுகிறதா என்று முழங்கையால் தொட்டுப் பார்க்கிறோம். கம்பளிக்கும் அவ்விளஞ்சூடே போதும். 30 பாகை செல்சியஸைத் தாண்டலாகாது. காரம் மிக்க தூளை விலக்கி, மென்மையான சவர்க்காரத்தை நீரிற் கரைத்துக்கொள்க. தலைக்கு வைக்கும் ஷம்பூவும் ஏற்றதே. துணி வெளுக்கும் குளோரின் நீரோ கம்பளியைக் கரைத்தே விடும். ஆடையின் உட்புறத்தை வெளியே திருப்பி நீரில் அமிழ்த்தி, பத்து நிமிடத்தின்பின் கையால் மெல்ல அமுக்கிவிடுக, தேய்த்தல் ஆகாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருத்தல் வேண்டும்.

நனைந்த கம்பளி பாரமானது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் நீண்டுவிடும். இரு கைகளாலும் அடியிற் தாங்கி எடுத்துத் துவாயின்மேற் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி அமுக்கினால் ஈரம் துவாயிற் போய்விடும். பின்னர் நிழலிலே சமதரையில் விரித்து, உருவத்தைச் சரிசெய்து உலரவிடுக. கொடியில் தொங்கவிடலாகாது. அணிந்தபோதெல்லாம் தோய்க்கவேண்டுவதும் இல்லை. ஓர் இரவு காற்றாட விரித்துவைத்தால் வியர்வை நாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடும். உள்ளே ஒரு பருத்திச் சட்டை அணிந்தால் தோலில் அரிப்பும் இராது. கம்பளியில் அழுக்கும் விரைவிற் படியாது.

அடுத்த பகை அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் புழுவே தின்பது. வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடமே அதற்கு விருப்பமானது. அழுக்கோடு மடித்து வைத்துவிட்டு வேப்பிலையை நம்பியிருத்தல் வீண். தோய்த்து நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையிலிட்டு அலுமாரியில் வைத்தலே தக்க காவல். நப்தலீன் உருண்டைகளைச் சிறுவர் கைக்கு எட்டவிடலாகாது. அவற்றின் மணம் ஏறிய துணியைக் கைக்குழந்தைக்கு அணிவித்தலும் தீங்கு.

இருபதினாயிரம் கண்ணிகள்

அவ்வாண்டே பெரியம்மா மற்றுமொரு சுவெற்றரைத் தொடங்கினார். முதுகும் மார்பும் முடிந்தன. கைகள் பின்னுமுன் கண்ணிலே புரை படர்ந்துவிட்டது. தைப்பொங்கலுக்குச் சென்றபோது, முடியாத பின்னலையும் ஊசிகளையும் மிஞ்சிய நூலையும் ஒரு பையிலிட்டு எம்மிடம் தந்தார். "ஆரிட்டையாவது குடுத்து முடிப்பி" என்றார்.

பிறரிடம் கொடுக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. எமது கல்லூரியில் தையற்கலை கற்பித்த ஆசிரியையிடம் மாணவராகச் சேர்ந்தோம். ஓய்வறையிலே நண்பர்கள் நகைத்தனர். மாணவர் கதவருகே நின்று எட்டிப் பார்த்தனர். முதலில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அதிலுள்ள கண்ணிகளை எண்ணச் சொன்னார் ஆசிரியை. அகலத்தில் 22, உயரத்தில் 28 வரிகள். இவ்வளவறியாது தொடங்கினால் ஆடை அளவு தவறிவிடுமாம். நூலையும் ஒரே சாயத் தொகுதியிலிருந்து மொத்தமாக வாங்கிவிட வேண்டும். பின்னர் வாங்கினால் நிறம் சற்றே வேறுபடும்.

அக்கணக்கைக்கொண்டு ஒருநாள் பெருக்கிப் பார்த்தோம். இருபது அங்குல அகலமும் இருபத்தாறு அங்குல உயரமுமுள்ள முதுகுப் பகுதிக்கு மாத்திரம் ஏறக்குறைய 20,000 கண்ணிகள்! மார்பும் இரு கைகளும் வேறு. அத்தனையையும் ஒவ்வொன்றாக விரல்நுனியால் எடுத்த உழைப்பையே, அரைமணி நேரத்தில் கல்லில் அடித்து அழித்திருக்கிறோம். பின்னல் யந்திரத்தை 1589ஆம் ஆண்டிலேயே வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் அமைத்துவிட்டார். இன்று நுவரெலியாவின் பேல் பஜார் கடைவரிசையிலே யந்திரச் சுவெற்றர்கள் மலைபோற் குவிந்துள்ளன. அவற்றை இகழவில்லை, குளிருக்கு அவையும் உதவுவனவே. ஆயினும் ஒன்றைக் கையால் பின்னியவன், எந்தச் சுவெற்றரையும் கல்லில் அடிக்க மாட்டான்.

ஐந்து மாதங்களில் இரு கைகளையும் முடித்து, பகுதிகளைப் பொருத்தி, அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு அணியாமலே கொண்டுசென்றோம். பெரியம்மாவுக்கு அப்போது பார்வை மிக மங்கியிருந்தது. மடியில் விரித்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை விரலால் மெல்லத் தடவி வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்த வரியிலை ரண்டு கண்ணி மறுபக்கமாய்ப் போச்சுது, தம்பி" என்றார். பின்பு சிரித்தார்.

அவர் இன்று இல்லை. அச்சுவெற்றர் இருக்கிறது, குழந்தையை முழுக வார்ப்பதுபோலத் தோய்த்து வருவதால் அளவு குறையவும் இல்லை, பூச்சி தொடவும் இல்லை. அந்த இரண்டு கண்ணிகளையும் நாம் திருத்தவில்லை.